பதினோராம் ஸ்தலம்

செபஸ்தியம்மாள் தன் மருமகளிடம் பேசி ஒரு வருடம் ஆகிவிட்டது. அதற்காக அந்த வீட்டில் பேச்சு நின்றுபோய்விடவில்லை. மருமகளிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அவள் கோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏ கோழி, கொழம்புல உப்பு போட மறந்துட்டாங்க போல. கேட்டுக்கோ."

வெண்ணிலா உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அத்தையின் தட்டுக்கு அருகே வைப்பாள். "கோழி கேட்டுக்கிச்சி அத்தை" என்பாள்.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடும் பிரபு, "இப்படியே போனா அந்தக் கோழிக்குத்தான் மொதல்ல பைத்தியம் புடிக்கும்" என்பான். யாரும் சிரிக்க மாட்டார்கள். அவன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். காலையில் பஸ் ஏறிப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பகல் முழுக்க அந்த மௌனம் இரண்டு பெண்களுக்கு மட்டுமே சொந்தம்.

காரணம் மதமில்லை. வெண்ணிலா பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் இந்துக் குடும்பத்துப் பெண். திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்து அவள் ஆரோக்கியபுரத்துக்கு வந்தபோது, வாசலில் நின்று நெற்றியில் சிலுவை வரைந்து உள்ளே அழைத்துக்கொண்டவளே செபஸ்தியம்மாள்தான். ஞானஸ்நானம் எடு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தினமும் சாயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை ஜெபம் சொல்வாள். இந்தப் பக்கம் வெண்ணிலா தோசை ஊற்றுவாள். கேட்டுக் கேட்டே பாதி ஜெபங்கள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன.

காரணம் மெழுகுவத்தி.

ஊருக்கு மேற்கே இருக்கும் குன்றை ஊரார் சிலுவைமலை என்பார்கள். வனத்துறைக்கு அது காப்புக்காடு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஊரே அதில் ஏறும். பாதை நெடுக, ஏசு சிலுவை சுமந்த பாதையின் ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் ஒன்றாகப் பதினான்கு இரும்புச் சிலுவைகள். ஒவ்வொன்றின் அடியிலும் மெழுகுவத்தி ஏற்றி மண்டியிடுவார்கள். தவக்காலம் வருவதோ மாசி, பங்குனியில். மலையில் மஞ்சம்புல் இடுப்புயரம் காய்ந்து, தொட்டால் சரசரக்கும் காலம். போன வருடம் ஒன்பதாம் சிலுவைக்குப் பக்கத்தில் புல் பற்றிக்கொண்டது. பெரிதாகவில்லை. ஆனால் அடுத்த வெள்ளி, பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, அடிவாரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்போடு வந்து நின்றாள் வனக்காப்பாளர் வெண்ணிலா. காக்கி உடையில். மலை ஏற வந்தவர்கள் எல்லோரும் மெழுகுவத்தியை அந்த டப்பில் போட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. செபஸ்தியம்மாளும் போட்டாள்.

"இன்னா செபஸ்தி, நாம ஏத்துறத அணைக்கத்தான் மருமவள கொண்டாந்தியா?" என்று ஒருத்தி கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று சாயந்திரம்தான் அவள் கோழியோடு பேச ஆரம்பித்தாள்.

இந்த வருடம் அவள் கூட்டத்தோடு போகவில்லை. வெள்ளிதோறும் உச்சி வெயிலில் தனியாக ஏறினாள். பழைய காலத்துப் பெண்கள் எடுக்கும் பேசாத நேர்ச்சை அது. முதல் சிலுவையடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறவேண்டும். ஏறி இறங்கி, மறுபடி அதே இடத்து மண்ணைத் தொடும்வரை மனிதரோடு ஒரு வார்த்தை கூடாது. ஜெபம் மட்டும்தான். செல்போனை வீட்டு அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுப் போவாள். எதற்காக நேர்ச்சை என்று பிரபு கேட்டான். "வெளிய சொன்னா பலிக்காது" என்று முடித்துவிட்டாள்.

"தீ சீசன்ல தனியா ஏறாதீங்கன்னு எங்க அத்தைகிட்ட சொல்லு கோழி" என்று வெண்ணிலாவும் சொல்லிப் பார்த்தாள். கோழி குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை காலை பிரபு ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான்: "அம்மாவுக்கு முட்டி வலியாம். இன்னிக்கி மலைக்குப் போவல." வெண்ணிலாவுக்கு நிம்மதியாக இருந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் மலையின் மேற்குச் சரிவில் புகை தெரிந்தது. புல் நன்றாகத் துளிர்க்கட்டும் என்று ஆடு மேய்ப்பவர் யாரோ அந்தப் பக்கம் நெருப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது கண்ணில் பட்டதெல்லாம் புகையும் அதன் அடியில் ஓடும் ஆரஞ்சு நிறக் கோடும்தான். மேல்காற்று அதை மலைமுகட்டுக்கு ஏற்றி, ஊரைப் பார்த்த கிழக்குச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தது.

வெண்ணிலாவோடு இருந்தவர் வனத்துறைக் காவலர் கண்ணையன். ஐம்பது தாண்டியவர். மலையடிவாரத்தின் வடக்கு ஓரத்தில் அவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. அந்த வாரம்தான் மல்லாட்டை பிடுங்கி, வேர்க்கடலைக் காய்களைச் செடியோடு குவித்து வைத்திருந்தார். இன்னும் ஐந்தாறு காவலர்கள் ஓடிவந்தார்கள். புங்கந்தழையும் வேப்பந்தழையும் ஒடித்துக்கொண்டு பாதிச் சரிவு ஏறினார்கள். அங்கே மலையின் இடுப்பில் கட்டிய கயிறு மாதிரி தீக்கோடு போகிறது. தை மாதத்தில் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கி வைத்த பட்டை அது.

ரேஞ்சர் தென்னரசு ஜீப்பில் வந்து இறங்கி மூச்சிரைக்க மேலே வந்தார். தீயணைப்பு வண்டி ஏரிக்கரையோடு நின்றுவிட்டது. அதற்குமேல் அதற்கு வழியில்லை.

அவர் புகையை ஒருமுறை பார்த்தார். "தழையால அடிக்கிற தீ இல்ல இது. எதிர்த்தீதான் வைக்கணும்."

தீக்கோட்டின் மேல்விளிம்பில் இவர்களே நெருப்பு வைப்பார்கள். அது மேலே ஏறித் தின்றுகொண்டே போகும். இறங்கிவரும் பெருந்தீக்குத் தின்ன எதுவும் மிஞ்சாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் சாகும். இரண்டுக்கும் நடுவில் உயிரோடு எது இருந்தாலும் அதுவும் சாகும். ஆகவே வைக்கும் முன் மூன்று முறை விசில் ஊதி, மைக்கில் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும்.

வெண்ணிலாதான் கூப்பிட்டாள். "மேல யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா சத்தம் கொடுங்க!"

புல் வெடிக்கும் சத்தம்தான் வந்தது. மூன்று முறையும் அதுதான்.

தென்னரசு தீப்பந்தத்தைக் கையில் வாங்கினார். அப்போது தண்ணீர் கேன் எடுக்கக் கீழே போயிருந்த கண்ணையன் ஓடிவந்தார். ஒரு கையில் கேன். மறு கையில் ஒற்றைச் செருப்பு.

"மேடம், மொத சிலுவையாண்ட கெடந்துச்சி. ஜோடியா கெடந்துச்சி. யாருதுன்னு பாரு."

நீல ரப்பர் செருப்பு. அதற்கு மட்டும் வெள்ளை வார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பிரபு வார் மாற்றிக்கொண்டு வந்தது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றால் அத்தை கேட்கமாட்டாள். வெண்ணிலா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். குதிகால் இடத்தில் தேய்ந்த பள்ளம்கூட அவளுக்குத் தெரிந்ததுதான்.

போனை எடுத்துப் பிரபுவைக் கூப்பிட்டாள். "அத்தை வூட்லதான இருக்காங்க?"

"ஆமா, ஏன்?"

"பக்கத்து வூட்ல கேளு. ஜல்தி."

உடனே திரும்பக் கூப்பிட்டான். அவன் குரல் மாறியிருந்தது. "வூடு பூட்டியிருக்காம். போன் உள்ள அடிக்குதாம்."

வெண்ணிலா ரேஞ்சரிடம் போய் நின்றாள். "சார், மேல எங்க அத்தை இருக்காங்க."

"மூணு வாட்டி கூப்ட்டோமே. பதில் வரலியே. வேற பக்கமா எறங்கியிருப்பாங்க."

"செருப்பு இங்க இருக்கு சார். அவங்க பேசாத நேர்ச்சை. இன்னா கூப்ட்டாலும் பதில் சொல்ல மாட்டாங்க."

"நெருப்பு வரும்போதுகூடவா?"

"அவங்க சொல்ல மாட்டாங்க சார்."

தென்னரசு கெட்டவரில்லை. பந்தத்தைத் தாழ்த்தினார். கீழே ஊரைக் கைகாட்டினார். ஓலையும் ஓடுமாகக் கூரைகள், பள்ளிக்கூடம், வைக்கோல்போர்கள். "காத்து எறங்கிக்கினு இருக்கு வெண்ணிலா. நான் எவ்ளோ நேரம் நிக்க முடியும்?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மெழுகுவத்தி ஏதாவது கொண்டுபோயிருப்பாங்களா?"

அந்தக் கேள்வி ஏற்கனவே அவள் நெஞ்சில் இருந்தது. அத்தையின் துணிப்பையில் காலையில் ஒரு வெள்ளை நுனியைப் பார்த்த ஞாபகம். அவள் மலையைப் பார்த்துத் திரும்பினாள்.

கூப்பிட்டால் பதில் வராது. யார் கூப்பிட்டாலும் வராது. தான் கூப்பிட்டால் நேர்ச்சை இல்லாவிட்டாலும் வராது. ஆனால் ஜெபம் சொல்ல நேர்ச்சையில் தடையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் கேட்பது வெண்ணிலாவுக்குச் சட்டென்று காதில் ஒலித்தது. முன்னே ஒருவர் ஒரு வரி சொல்லுவார். மற்றவர்கள் மறுவரி சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விடுவது பாவம் மாதிரி.

மைக்கை வாயருகே வைத்தாள். ஆறேழு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி!"

ஒன்றுமில்லை.

இந்த முறை அத்தை சொல்லும் அதே ராகத்தில், கடைசிச் சொல்லை இழுத்துச் சொன்னாள். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமீ..."

புகைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. பின்னாலேயே, மெல்லிய நூல் மாதிரி ஒரு குரல்:

"எங்கள் பேரில் தயவாயிரும்."

யாரோ "ஏசுவே" என்றார்கள். கண்ணையன் காதைச் சாய்த்து, "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். பதில் வந்தது. "பதினொண்ணாவது சிலுவை. தெக்க சாஞ்சாப்பல. கீழயே உக்காந்துக்கினு இருக்காங்க, சத்தம் தரையோட வருது."

வெண்ணிலா துண்டை நனைத்து முகத்தில் கட்டினாள். தென்னரசு அவள் கையைப் பிடித்தார், பிறகு விட்டார்.

"வடக்கு முனையில கோடு குறுகல் சார்" என்றார் கண்ணையன். "எதிர்த்தீ வைக்கிற வரைக்கும் அங்க தீ தாண்டாம யாராச்சும் புடிக்கணும். நான் புடிச்சிக்கினு நிக்கிறேன். போம்மா நீ. மாமியார இட்டுக்கினு வா. அப்புறம் ரெண்டு பேரும் கோழி இல்லாம சண்ட போடுங்க."

கோழி விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது.

*

மேலே ஏற ஏறப் பாதை மறைந்தது. பத்தாம் சிலுவையைத் தடவித்தான் கண்டுபிடித்தாள். நின்று முதல் வரியைச் சொல்லுவாள், மறுவரி வரும் திசையில் நடப்பாள். கண் எரிந்தது. முயல் ஒன்று காலை உரசிக்கொண்டு கீழே ஓடியது. இடப்பக்கம் வெப்பம் அடுப்புக் கதவைத் திறந்தாற்போல் அடித்தது.

செபஸ்தியம்மாள் பதினோராம் சிலுவையின் இரும்புக் காலைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். முட்டி வீங்கி ஒரு பக்கம் திரும்பியிருந்தது. முகமெல்லாம் கரி. மருமகளைப் பார்த்ததும் உதடு நடுங்கியது. திறக்கவில்லை.

"நடக்க முடியுமா அத்தை?"

தலையை ஆட்டினாள், இல்லையென்று.

வெண்ணிலா திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். கைகள் கழுத்தைச் சுற்றின. எழுந்தபோது கால்கள் தள்ளாடின. தன் வாழ்நாளில் அத்தை இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை என்று அந்த நேரத்தில் ஏனோ தோன்றியது. துணிப்பை மார்பில் இடித்துக்கொண்டே வந்தது.

"ஒரு வார்த்த கத்தியிருக்கக் கூடாதா?" இறங்கிக்கொண்டே அவள் கத்தினாள். "நேர்ச்ச நேர்ச்சன்னு... செத்துப்போயிருந்தா உங்க புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது? ஊருக்கு இன்னா பதில் சொல்றது? எனக்கு நான் இன்னா சொல்லிக்கிறது?"

காதோரம் சூடான மூச்சோடு பதில் வந்தது. அதே மறுவரி. திரும்பத் திரும்ப.

தீக்கோட்டை அவர்கள் தாண்டிய கணமே தென்னரசு பந்தத்தைப் புல்லில் சொருகினார். நெருப்பு சீறிக்கொண்டு மேலேறியது. தெற்கிலும் நடுவிலும் அது பெருந்தீயை எட்டிப் பிடித்தது. வடக்கில் எட்டவில்லை. காவலர்கள் பந்தத்தோடு வடக்கே ஓடிச் சேர்வதற்குள், அங்கே பெருந்தீ கோட்டுக்கு வந்துவிட்டது. எரிந்த ஈச்சை மட்டை ஒன்று உருண்டு கோட்டைத் தாண்டியது. யாரோ கண்ணையன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். தொடர்ந்து கத்திக்கொண்டே இருந்தார்கள்.

வெண்ணிலா நிற்காமல் இறங்கினாள். முதல் சிலுவைக்கு வந்ததும் செபஸ்தியம்மாள் அவள் தோளைத் தட்டினாள். இறக்கிவிட்டாள். கிழவி தவழ்ந்துபோய், செருப்புக் கிடந்த இடத்து மண்ணை உள்ளங்கையால் தொட்டாள். பிறகு நிமிர்ந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு, மருமகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"கண்ணையன் எங்கடீ?"

வெண்ணிலா வடக்கே பார்த்தாள். அங்கே புகை கருப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள பொருள் எரியும் புகை. மல்லாட்டை வேகும் வாசனை காற்றில் வந்தது.

*

ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணையனின் மல்லாட்டைக் குவியலில் பாதி போய்விட்டது. நிலத்துக் கொட்டகையில் கட்டியிருந்த பசுவை அவிழ்க்க அவர் உள்ளே புகுந்து அவிழ்த்துவிட்டார். வெளியே வருவதற்குள் கூரை விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும், இரண்டு கைகளும் வெந்துபோயின.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அவர் மனைவி வீரம்மாள் உட்கார்ந்திருந்தாள். அத்தையின் முட்டிக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பிரபுவும் வெண்ணிலாவும் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வீரம்மாள் மூவரையும் பார்த்தாள்.

"உங்க வூட்டு சனம் பத்தரமா வந்துட்டாங்க இல்ல?" என்றாள். "நல்லது."

பத்து நிமிஷம் முன்னால் பந்தத்தைச் சொருகியிருந்தால் அந்த நிலம் கருகியிருக்காது. அது வீரம்மாளுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் தான் அதையேதான் செய்வோம் என்பதும் வெண்ணிலாவுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிரபு அம்மாவின் துணிப்பையை வாங்கி வைக்கப்போனான். உள்ளிருந்து மெழுகுவத்தி நழுவி விழுந்தது. வெயிலிலும் அனலிலும் வில்லாக வளைந்து போயிருந்தது. திரி மட்டும் வெள்ளை வெளேரென்று, கடையில் வாங்கியபடியே இருந்தது.

வெண்ணிலா அதைக் குனிந்து எடுத்தாள்.

"ஏத்தல" என்றாள் செபஸ்தியம்மாள். "ஏத்தக் கூடாதுன்னியே. ஒவ்வொரு சிலுவையாண்டயும் வெறுமனே வெச்சி, கும்புட்டு, மறுபடி எடுத்துக்கினேன்."

"நான் அப்படி நெனச்சிட்டேன் அத்தை. மேல போவும்போது... நீங்கதான் தீ வெச்சிருப்பீங்கன்னு."

"நெனப்படி. ஒரு வருசமா பேசாதவள வேற எப்படி நெனப்ப?"

இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள். வலைத்துணிக்குள் கண்ணையன் படுத்திருந்தார். வெண்ணிலாவைப் பார்த்ததும், "மேடம், அந்தச் செருப்ப நான் பாக்காமலே வந்திருக்கலாம் போலக்கீதே" என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "தே, சும்மா சொன்னேம்மா. அழுவாத. அழுதா எனக்கு எரியும்" என்றார். டாக்டர்கள் கால் பிழைத்துவிடும் என்றார்கள். மறுபடி மலை ஏறுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை செபஸ்தியம்மாள் மலைக்குப் போகவில்லை. வெண்ணிலாவின் ஸ்கூட்டியில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணையனின் நிலத்துக்குப் போனாள். அன்று வெண்ணிலா லீவு போட்டிருந்தாள்.

மலை ஒரு பக்கம் முழுக்கக் கருப்பாக நின்றது. இரும்புச் சிலுவைகள் இப்போதுதான் கீழிருந்தே தெளிவாகத் தெரிந்தன. குவியலில் எரியாத பாதியை வீரம்மாள் இழுத்துப் போட்டு, தனியாக உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேல்காய்கள் கரி. அடியில் இருந்தவை தேறும். அவிழ்த்துவிட்ட பசு பக்கத்தில் நின்று அசைபோட்டது.

இவர்கள் வந்ததை அவள் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. செபஸ்தியம்மாள் மெல்ல இறங்கி, குவியலின் மறுபக்கம் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு செடியை இழுத்தாள். வெண்ணிலாவும் உட்கார்ந்தாள். மூன்று பெண்களும் ஆய்ந்தார்கள். காய்கள் முறத்தில் விழும் சத்தம்தான் கேட்டது. விரல்களெல்லாம் கரியாயின.

வெயில் உச்சிக்கு ஏறியது. வீரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பசுவைப் பார்த்தாள்.

"ஏ மாடே" என்றாள். "கால்ல கட்டு போட்டுக்கினு வெயில்ல ஒக்காந்துக்கினு இருக்காங்க. இப்படி வேப்ப மரத்து நெழலுக்கு வரச் சொல்லு."

செபஸ்தியம்மாள் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள். அவள் வீரம்மாளைப் பார்க்கவில்லை. அருகே இருந்த மருமகளிடம் கையை நீட்டினாள்.

"தூக்கி வுடு வெண்ணிலா" என்றாள். "அந்தப் பக்கம் போய் ஒக்காரலாம். இன்னும் நெறைய இருக்கு."